கணக்குக் கேட்ட பெண்மணி



ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டம் எப்படி நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தலைவர் வரவேற்பார். செயலாளர் அறிக்கை வாசிப்பார். பொருளாளர் வரவு செலவை ஒப்பிப்பார். யாருக்காவது கேள்வி உண்டா என்று கேட்கும்போதே பாதிப் பேருடைய கண் டிபன் மேசைப் பக்கம் போய்விடும். அந்த நேரம் பார்த்து ஒருவர் எழுந்து நின்றால், பக்கத்து நாற்காலிக்காரர் பெருமூச்சு விடுவார்.

இந்த இதழில் உங்களுக்கு அறிமுகம் செய்ய இருப்பது அப்படி எழுந்து நின்ற ஒரு பெண்மணியைத்தான். பெயர் ரோசலி எட்ஜ். அமெரிக்காவின் நியூயார்க் நகரத்தில் வாழ்ந்தவர். பருந்து, கழுகு, வல்லூறு போன்ற வேட்டைப் பறவைகளுக்கென்றே உலகத்தில் முதல் சரணாலயத்தை ஏற்படுத்தியவர். அவர் காலமாகி அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் அவர் வாங்கிக் காப்பாற்றிய மலையின் உச்சியில் இன்றைக்கும் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் ஆட்கள் உட்கார்ந்து, கடந்து போகும் பறவைகளை ஒன்று, இரண்டு என்று எண்ணி எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

வசதியான வீட்டுப் பெண்

ரோசலி 1877-ம் ஆண்டு நவம்பர் 3-ம் தேதி பிறந்தார். வசதியான குடும்பம். தந்தை வழியில் ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸுக்கு உறவு. அந்தக் காலத்துப் பணக்கார வீட்டுப் பெண்களைப் போலவே வளர்ந்தார். 1909-ல் சார்லஸ் எட்ஜ் என்ற ஆங்கிலேயப் பொறியாளரை ஜப்பானின் யோகோஹாமா நகரில் மணந்துகொண்டார். கணவரின் வேலை காரணமாகச் சில ஆண்டுகள் ஆசிய நாடுகளில் இருந்துவிட்டு நியூயார்க் திரும்பினார். ஒரு மகன், ஒரு மகள்.

ஊர் திரும்பியதும் பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்கும் போராட்டத்தில் இறங்கினார். துண்டுப் பிரசுரம் எழுதுவது, அதை அச்சடித்து வீடு வீடாக அனுப்புவது, கூட்டத்தில் எழுந்து நின்று தடுமாறாமல் பேசுவது, யார் முகம் சுளித்தாலும் உட்காராமல் இருப்பது, எல்லாவற்றையும் அங்கேதான் கற்றுக்கொண்டார். 1917-ல் நியூயார்க் மாநிலப் பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்தது. அடுத்த மூன்றாண்டுகளில் நாடு முழுவதும் கிடைத்தது.

1921-ல் கணவரும் மனைவியும் பிரிந்தார்கள். நாற்பது வயதைத் தாண்டிய ரோசலிக்கு அது பெரிய அடி. அந்த நாட்களில் அவருக்குத் துணையாக வந்தவை பறவைகள். நியூயார்க்கின் நடுவில் சென்ட்ரல் பார்க் என்று ஒரு பெரிய பூங்கா இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நாலா பக்கமும் உயர்ந்த கட்டடங்கள். வலசை போகும் பறவைகளுக்கு அந்தக் கான்கிரீட் காட்டின் நடுவே பச்சையாகத் தெரியும் பெரிய இடம் என்பதால், இளைப்பாற அங்கே இறங்கும். ரோசலி பைனாகுலரை எடுத்துக்கொண்டு காலை நேரங்களில் அங்கே போக ஆரம்பித்தார். முதலில் பெயர் தெரியவில்லை. கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டார். சில ஆண்டுகளில் அங்கு வரும் அனுபவசாலிகளே மதிக்கும் அளவுக்குத் தேறிவிட்டார்.

கூட்டத்தில் ஒரு கேள்வி

1929-ம் ஆண்டுக் கோடையில் அவர் பாரிஸில் இருந்தபோது தபாலில் ஒரு சிறு பிரசுரம் வந்தது. எழுதியவர்கள் மூன்று இயற்கை ஆர்வலர்கள். அமெரிக்காவில் பல பறவை இனங்கள் அழிவை நோக்கிப் போய்க்கொண்டிருக்கின்றன, பறவைகளைக் காக்கவென்று சந்தா வாங்கும் சங்கங்களோ வேட்டைக்காரர்களையும் துப்பாக்கி வியாபாரிகளையும் பகைத்துக்கொள்ளாமல் வாய் மூடி இருக்கின்றன என்பது அதன் சாரம்.

அவர்கள் குறிப்பாகச் சுட்டியது ஆடுபான் சங்கத்தை. அந்த நாட்டின் மிகப் பெரிய பறவைப் பாதுகாப்புச் சங்கம் அதுதான். ரோசலியும் அதில் ஓர் உறுப்பினர்.

அந்த அக்டோபரில் நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். ரோசலி போனார். பிரசுரத்தில் சொல்லியிருப்பது உண்மையா, இல்லையென்றால் சங்கத்தின் பதில் என்ன என்று எழுந்து கேட்டார். மழுப்பலான பதில் வந்தது. உட்காரவில்லை. மறுபடி கேட்டார். கேள்வியும் பதிலுமாக நேரம் போனதில் சாப்பாடு ஆறிப்போய்விட்டது என்று தலைவர் கில்பர்ட் பியர்சன் அவரிடம் குறைப்பட்டுக்கொண்டதாக ரோசலி பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

ஒரு நாள் கேள்வி கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவது எல்லோராலும் முடியும். ரோசலி அதோடு நிற்கவில்லை. அருங்காட்சியகத்தில் வேலை பார்த்த விலங்கியலாளர் வில்லார்ட் வான் நேம், பத்திரிகையாளர் இர்விங் பிராண்ட் ஆகியோரைத் துணை சேர்த்துக்கொண்டு அவசரப் பாதுகாப்புக் குழு என்று ஒன்றைத் தொடங்கினார். அலுவலகம், ஆள், அம்பு எதுவும் பெரிதாகக் கிடையாது. பிரசுரம் எழுதி, அச்சடித்து, தபாலில் அனுப்புவதுதான் வேலை.

அப்படி எழுதியதில் ஒன்று பெரும் புயலைக் கிளப்பியது. லூசியானா மாநிலத்தில் ஆடுபான் சங்கத்துக்குச் சொந்தமான ஒரு சரணாலயம் இருந்தது. அங்கே இரும்புப் பொறி வைத்து நீரெலி இனத்தைச் சேர்ந்த மஸ்க்ராட்டுகளை ஆயிரக்கணக்கில் பிடித்து, அவற்றின் ரோமத்தோலை விற்ற பணத்தில் சங்கம் பங்கு பெற்றுவந்தது. பெயர் சரணாலயம், நடப்பது பொறி வைப்பது. இதை எல்லா உறுப்பினர்களுக்கும் தெரிவிக்க வேண்டும் என்று உறுப்பினர்களின் முகவரிப் பட்டியலைக் கேட்டார் ரோசலி. சங்கம் தர மறுத்தது. நீதிமன்றம் போனார். 1931-ல் அவர் பக்கம் தீர்ப்பானது, பட்டியல் கைக்கு வந்தது. கடிதங்கள் பறந்தன. 1934-ல் பியர்சன் பதவி விலகினார். பொறி வைப்பதும் நின்றது.

சங்கத்தை ஒழிப்பது அவர் நோக்கமாக இருக்கவில்லை. கொடுத்த பணத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டும், செய்வதாகச் சொன்ன வேலையைச் செய்ய வேண்டும். அவர் கேட்டது இவ்வளவுதான்.

பருந்து மலை

இனி மலைக்கு வருவோம். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் அப்பலேச்சியன் மலைகள் வடகிழக்கிலிருந்து தென்மேற்காக நீண்டு கிடக்கின்றன. அதன் ஒரு மடிப்பு, பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள கிட்டாட்டினி மலைத்தொடர். வடக்கே கனடா வரையிலான காடுகளில் கோடையில் குஞ்சு பொரித்த வேட்டைப் பறவைகள், குளிர் வரும்முன் தெற்கே கிளம்பும். கனத்த உடம்பை வைத்துக்கொண்டு நாள் முழுக்கச் சிறகடித்தால் தெம்பு தாங்காது. அதனால் காற்றின் தயவில் மிதந்து போவதே அவற்றின் வழக்கம். வடமேற்கிலிருந்து வீசும் காற்று மலைச்சரிவில் மோதி மேலே எழும்பும். அந்த எழும்பு காற்றில் ஏறிக்கொண்டு, மலைமுகட்டை ஒட்டியே மைல் கணக்கில் சிறகை அசைக்காமல் போய்விடும்.

இது பறவைக்கு வசதி. துப்பாக்கிக்காரனுக்கும் வசதி. மலைமுகட்டின் ஓரிடத்தில் பறவைகள் பாறைக்கு மிக அருகில், கண்ணுக்கு நேராகப் பறந்தன. அக்டோபர் மாத விடுமுறை நாட்களில் அங்கே ஆட்கள் கூட்டமாக வந்து சுட்டார்கள். இறைச்சிக்காக இல்லை, குறி பார்த்துப் பழக. கோழியைத் தூக்கிப் போகிறது, வேட்டைப் பறவைகளான கவுதாரி, காடைகளைத் தின்றுவிடுகிறது என்று பருந்துகளின் மேல் ஊரெல்லாம் வெறுப்பு வேறு. காஸ்ஹாக் என்ற பெரிய வைரியைச் சுட்டுக் கொண்டுவந்தால் தலைக்கு 5 டாலர் சன்மானம் என்று 1929-ல் மாநில அரசே அறிவித்தது. பொருளாதார மந்தக் காலத்தில் 5 டாலர் சின்னத் தொகை கிடையாது. தூரத்தில் பறக்கும்போது எது காஸ்ஹாக், எது வேறு பருந்து என்று யார் பார்த்தார்கள்? வந்ததெல்லாம் விழுந்தது.

1932-ல் ரிச்சர்ட் போ என்ற இளைஞர் அந்த மலைக்குப் போனார். காட்டுத் தரையில் செத்தும் சாகாமலும் கிடந்த பறவைகளைப் பொறுக்கி வரிசையாக அடுக்கிப் படம் எடுத்தார். அந்தப் படங்களை நியூயார்க்கில் ஒரு கூட்டத்தில் காட்டினார். ரோசலி அங்கே இருந்தார். ஆடுபான் சங்கம் அந்த மலையை வாங்கிக் காப்பாற்றும் என்று பேச்சு எழுந்தது. ரோசலி காத்திருந்தார். 1934 கோடை வந்தும் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த துப்பாக்கிக் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது.

தானே நேரில் போய் மலையைப் பார்த்தார். ஏறக்குறைய 1,400 ஏக்கர். முழுவதையும் வாங்கக் கையில் பணம் இல்லை. வான் நேமிடம் 500 டாலர் கடன் வாங்கி, இரண்டு ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு எடுத்தார். ஏக்கர் இரண்டரை டாலர் வீதம் பின்னால் வாங்கிக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டார். துப்பாக்கியோடு நுழைவதைத் தடுக்க அவருக்குப் புதிய சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. நிலம் அவர் பொறுப்பில் இருந்தது, அவர் அனுமதி இல்லாமல் யாரும் நுழைய முடியாது. அவ்வளவே.

பணம் சேர்த்து 1938-ல் நிலத்தை வாங்கி, அதற்கென அமைத்த ஒரு சங்கத்தின் பெயரில் எழுதிவைத்தார். தன் பெயரில் வைத்துக்கொள்ளவில்லை என்பதைக் கவனியுங்கள்.

காவலுக்குப் போனவர் எண்ண ஆரம்பித்தார்

குத்தகை எழுதினால் போதுமா? காவலுக்கு ஆள் வேண்டுமே. மாரிஸ் ப்ரௌன் என்ற இளம் பறவையியலாளரை ரோசலி அழைத்தார். வயது 28. அந்த ஆண்டுதான் திருமணமாகியிருந்தது. சம்பளம் வேண்டாம், செலவுக்குக் கொடுத்தால் போதும் என்று மனைவி இர்மாவோடு 1934 செப்டம்பரில் வந்து சேர்ந்தார்.

நினைத்துப் பாருங்கள். பழகிய மலையில் சுடக்கூடாது என்று வெளியூர்க்காரர் ஒருவர் பலகை மாட்டினால் உள்ளூர் வேட்டைக்காரர்கள் என்ன சொல்வார்கள்? மிரட்டல்களுக்குக் குறைவில்லை. மாரிஸ் மலைமுகட்டைப் பார்த்துக்கொள்ள, இர்மா சாலையோர நுழைவாயிலில் நின்றுகொண்டார். துப்பாக்கியோடு வருபவர்களிடம் பொறுமையாக, ஆனால் விட்டுக்கொடுக்காமல் பேசித் திருப்பி அனுப்பினார். அந்த இலையுதிர் காலத்தில் அந்த நிலத்தில் ஒரு பருந்துகூடச் சுடப்படவில்லை.

துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்த பாறையில் உட்கார்ந்த மாரிஸ், கடந்து போகும் பறவைகளை எண்ணி எழுத ஆரம்பித்தார். முதல் பருவத்திலேயே கணக்கு பத்தாயிரத்தைத் தாண்டியது.

இந்த எண்ணும் வேலை எப்படிப்பட்டது என்று கொஞ்சம் சொல்கிறேன். நீங்களே அந்தப் பாறையில் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கடல் மட்டத்திலிருந்து 1,500 அடிக்கு மேல். கீழே பள்ளத்தாக்கு, வயல்கள். வடக்கே ஒன்றன்பின் ஒன்றாக மலைமுகடுகள். அடிவானத்தில் ஒரு கரும்புள்ளி தெரிகிறது. பைனாகுலரை உயர்த்துகிறீர்கள். சிறகு அகலமா, கூர்மையா? வால் நீளமா, குட்டையா? நாலு அடி அடித்துவிட்டு மிதக்கிறதா, அடிக்காமலே மிதக்கிறதா? இறகின் நிறம் தெரிவதற்கு முன்பே, பறக்கும் தோரணையை வைத்து இனத்தைச் சொல்லிவிட வேண்டும். அது தலைக்கு மேல் போய் மறைந்ததும் தாளில் ஒரு கோடு. மணிக்கு ஒரு முறை காற்றின் திசை, வேகம், வெப்பநிலை, மேகம் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

செப்டம்பர் நடுவில் அகன்ற சிறகுப் பருந்துகள் வரும். அவை தென் அமெரிக்கா வரை போகிறவை. வெயிலில் சூடேறி எழும் காற்றில் நூற்றுக்கணக்கில் சுழன்று சுழன்று மேலே ஏறி, உச்சியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிந்து தெற்கே சறுக்கும். 1978 செப்டம்பரில் ஒரே நாளில் 21,000-க்கும் மேல் எண்ணியிருக்கிறார்கள். அக்டோபரில் சிறு வைரிகளும், பிறகு செவ்வால் பருந்துகளும், நவம்பர் குளிரில் பொன்னிறக் கழுகுகளும் வரும். காற்று திரும்பிவிட்டால் நாள் முழுக்க உட்கார்ந்தும் நாலைந்துகூடத் தேறாது. அந்த நாலைந்தையும் எழுத வேண்டும். ஒன்றுமே வராத நாளில் பூஜ்யம் என்று எழுத வேண்டும். பூஜ்யத்தை எழுதாமல் விட்டால், அந்த நாளில் பறவை வரவில்லையா, எண்ணுகிறவர் வரவில்லையா என்று பின்னால் பார்க்கிறவருக்குத் தெரியாது.

மாரிஸ் இதை ஆண்டு தவறாமல் செய்தார். இரண்டாம் உலகப் போரில் கடற்படைக்குப் போன மூன்று ஆண்டுகள் மட்டும் கணக்கு இல்லை. திரும்பி வந்து அதே பாறையில் உட்கார்ந்தார். 1966 வரை அந்தச் சரணாலயத்தின் பொறுப்பு அவரிடமே இருந்தது. கூட்டங்களில் குரல் கொடுத்தும், நன்கொடை திரட்டியும், நிர்வாகத்தைக் கவனித்தும் மலையைத் தாங்கியவர் ரோசலி.

இளம் கழுகுகள் எங்கே?

இந்தக் கணக்கால் என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். அன்றைக்கும் பலர் கேட்டிருப்பார்கள்.

வெண்தலைக் கழுகு அமெரிக்காவின் தேசியச் சின்னம். அதன் தலை பிறந்ததிலிருந்தே வெள்ளையாக இருப்பதில்லை. சுமார் ஐந்து வயது வரை உடம்பும் தலையும் பழுப்புதான். ஆகவே பறக்கும்போதே இளசு எது, முதிர்ந்தது எது என்று சொல்லிவிடலாம். மாரிஸ் அவற்றைத் தனித்தனியாக எழுதிவந்தார்.

1935 முதல் 1939 வரை, கடந்து போன வெண்தலைக் கழுகுகளில் நூற்றுக்கு 40 இளம் பறவைகள். இடையில் இரண்டாம் உலகப் போர் முடிந்து, டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லி வயல், காடு, ஊர் என்று எங்கும் தெளிக்கப்பட்டது. 1955 முதல் 1959 வரை பார்த்தால் இளம் பறவைகள் நூற்றுக்கு 20 மட்டுமே. 1957-ல் முதிர்ந்த கழுகுகள் 32-க்கு இளம் கழுகு ஒன்றுதான் இருந்தது.

கழுகுக்கு ஆயுள் அதிகம். பெரியவை வழக்கம்போல் வந்துகொண்டிருக்கும். அண்ணாந்து பார்ப்பவருக்கு எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். வீட்டில் தாத்தா பாட்டிகள் இருக்கிறார்கள், பேரப்பிள்ளைகள் பிறக்கவில்லை என்பது போன்ற நிலைமை. இருபது ஆண்டுக்கு முந்தைய தாள் கையில் இருந்தவருக்குத்தான் அது புரிந்தது.

ரேச்சல் கார்சன் என்ற விஞ்ஞானி 1945-ல் இந்த மலைக்கு வந்து பாறையில் உட்கார்ந்து பருந்துகளைப் பார்த்திருக்கிறார். பின்னாளில் பூச்சிக்கொல்லிகளின் தீமையைப் பற்றி அவர் ஒரு நூல் எழுதினார். 1962 செப்டம்பரில் வெளிவந்து உலகத்தையே உலுக்கிய 'மௌன வசந்தம்' அது. இந்த மலையின் கழுகுக் கணக்கு அதில் சான்றாக இடம்பெற்றது. டி.டி.டி. உடலில் சேர்ந்த பறவைகளின் முட்டை ஓடு மெலிந்து, அடைகாக்கும்போதே உடைந்துபோகிறது என்பதும் அதன்பின் நிரூபணமானது. 1972-ல் அமெரிக்கா அதன் விவசாயப் பயன்பாட்டுக்குத் தடை விதித்தது. அதே ஆண்டு வேட்டைப் பறவைகளுக்கும் நாடு முழுவதும் சட்டப் பாதுகாப்பு வந்தது. 2007-ல் வெண்தலைக் கழுகு அழியும் இனங்களின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

இவற்றைப் பார்க்க ரோசலி இருக்கவில்லை. ஆனால் கார்சனின் நூல் வெளிவந்த அந்த இலையுதிர் காலத்தில், 85 வயதில், டெக்ஸாஸ் மாநிலத்தில் நடந்த ஆடுபான் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்குப் போனார். எந்தச் சங்கத்தைக் கேள்வி கேட்டு நீதிமன்றம் வரை இழுத்தாரோ அதே சங்கம். மேடையில் அவரை அறிமுகம் செய்தபோது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. சில வாரங்களில், 1962 நவம்பர் 30-ம் தேதி, நியூயார்க்கில் காலமானார்.

இன்றைக்கும்

ஓர் உயிரினத்தை அது ஏராளமாக இருக்கும்போதே காப்பாற்றத் தொடங்க வேண்டும் என்பது ரோசலியின் கொள்கை. அருகிப்போனபின் ஓடுவதில் என்ன பயன் என்று கேட்பார். அழகாக இருக்கிறது, நமக்குப் பயன்படுகிறது என்று பார்த்துக் காப்பாற்றுவதும் அவருக்குப் பிடிக்காது. யாருக்கும் பிடிக்காத பருந்துக்கும் அதே உரிமை உண்டு என்றார். இதே பிடிவாதத்தோடு ஒலிம்பிக் தேசியப் பூங்கா, கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்கா ஆகியவை அமையவும் அவருடைய குழு பாடுபட்டது.

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 15 முதல் டிசம்பர் 15 வரை அந்த மலையில் கணக்கெடுப்பு நடக்கிறது. ஒரு பருவத்தில் சராசரியாக 18,000 பறவைகள். வெண்தலைக் கழுகின் கணக்கு ஏறியிருக்கிறது. சின்னஞ்சிறு கெஸ்ட்ரல் வல்லூறின் கணக்கு இறங்கியிருக்கிறது. ஒரு காலத்தில் தலைக்கு 5 டாலர் என்று விலை வைத்துச் சுட்ட காஸ்ஹாக்கின் கணக்கும் இறங்கிக்கொண்டே வருகிறது. இந்த முறை காரணம் துப்பாக்கி இல்லை, என்னவென்று ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். ஆனால் குறைகிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, ஏனென்றால் 1934-லிருந்து எழுதிவைத்த தாள்கள் இருக்கின்றன.

இந்த ஆண்டும் செப்டம்பரில் வடமேற்குக் காற்று வீசும் காலையில், யாரோ ஒருவர் தெர்மாஸ் பிளாஸ்க்கும் பைனாகுலருமாக அந்தப் பாறையில் போய் உட்காருவார். தாளின் மேலே தேதியையும் காற்றின் திசையையும் எழுதிவிட்டு, வடக்கே பார்க்க ஆரம்பிப்பார்.